கட்டடம் மிதக்குது, எழுத்து உடையுது: யாழ்ப்பாணத்தில் ஏஆர் பிழை தேடல்

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் அது இடிந்துபோனது. இன்று போனால் கற்குவியலையும் அடித்தளத்தையும்தான் பார்க்கலாம். அந்த இடத்தில் போனைத் தூக்கிப் பிடித்தால் பழைய தேவாலயம் திரையில் எழும்பி நிற்க வேண்டும், அதைச் சுற்றி நடந்து பார்க்க முடிய வேண்டும். நானும் பின்னேரங்களில் என்னிடம் கணினி பழக வரும் ஏழெட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து செய்யத் தொடங்கிய வேலை இது. மிகை மெய்ம்மை என்று தமிழில் எழுதுகிறார்கள். பிள்ளைகள் ஏஆர் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

செய்துபார்த்த காலத்தில் வந்த பிழைகளை ஒரு கொப்பியில் குறித்து வைத்தோம். என்ன தெரிந்தது, எதனால் வந்தது, எப்படிப் போனது என்று மூன்று பத்தி. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். தலைப்புகள் எல்லாம் பிள்ளைகள் போனைப் பிடித்துக்கொண்டு கத்திய வார்த்தைகள். உங்கள் போனில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

எந்தப் பிழை வந்தாலும் முதலில் இடத்தைச் சந்தேகியுங்கள், பிறகு போனின் உணரிகளை, கடைசியாக நிரலை. எங்கள் கொப்பியில் பாதிக்கு மேற்பட்ட பிழைகள் நிரலைத் தொடாமலே தீர்ந்தன.

இதற்குக் காரணம் போன் உலகத்தைப் பார்க்கும் விதம். அதற்குச் சுவர், மரம், தரை என்று எதுவும் தெரியாது. கமராப் படத்தில் எங்கெல்லாம் வெளிச்சமும் இருட்டும் கூர்மையாகச் சந்திக்கின்றனவோ, அந்த மூலைகளைப் புள்ளிகளாகப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த படத்தில் அந்தப் புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்க்கிறது. அதோடு உள்ளே இருக்கும் முடுக்கமானியும் சுழற்சிமானியும் கை எப்படி அசைந்தது என்பதை விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் 'நான் இப்போது இங்கே நிற்கிறேன்' என்று போன் கணக்குப் போடுகிறது. புள்ளி கிடைக்காத இடத்தில் அது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான்.

"சேர், என்ர போனில திறக்கவே மாட்டனெண்டுது"

இது சுருக்கமான கதை. அன்ட்ராய்ட் போன் என்றால் அது கூகுளின் ஏஆர் மென்பொருளான ஏஆர்கோர் ஆதரிக்கும் பட்டியலில் இருக்க வேண்டும். கூகுள் ஒவ்வொரு மாதிரியாகச் சோதித்துத்தான் அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. விலை கூடின போன் என்பதால் இருக்கும் என்றோ, மலிவு என்பதால் இராது என்றோ நினைக்க வேண்டாம், தேடிப் பாருங்கள். பட்டியலில் இருந்தும் திறக்காவிட்டால், பிளே ஸ்டோரில் ஏஆருக்கான கூகுள் பிளே சேவைகள் என்ற துணைச் செயலியைப் புதுப்பியுங்கள். ஐபோன் என்றால் 6எஸ்ஸும் அதற்குப் பிந்தியவையும் அப்பிளின் ஏஆர் மென்பொருளான ஏஆர்கிட்டை இயக்கும், ஆனால் உங்கள் செயலி கேட்கும் ஐஓஎஸ் பதிப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கமரா அனுமதியை முதல்நாள் யாரோ அவசரத்தில் மறுத்திருப்பார்கள், அதையும் அமைப்புகளில் போய்ப் பார்க்க வேண்டும்.

"தரையைத் தேடிக்கொண்டே நிக்குது"

திரையில் கை ஒன்று போனை ஆட்டிக் காட்டிக்கொண்டே இருக்கும், தரை மட்டும் அகப்படாது. எங்களுக்கு முதல் நாளே வந்த பிழை இது. அது கோட்டையில்கூட இல்லை, வகுப்பு நடக்கும் வீட்டு விறாந்தையில். சிவப்புச் சீமெந்துத் தரை, ஐம்பது வருடம் தேய்த்துக் கழுவிக் கண்ணாடி மாதிரி மினுங்கும். அதில் மூலை என்று பிடிக்க ஒன்றுமில்லை. போதாததற்கு யன்னல் கம்பியின் பிம்பம் அதில் விழுந்து, நாம் நகர நகர அதுவும் நகரும். போன் அந்தப் பிம்பத்தைத் தரை என்று நம்பிவிடும்.

பழைய பேப்பர் நாலைந்து தாளைத் தரையில் விரித்தோம். அச்செழுத்து முழுக்க மூலைகள்தானே, இரண்டு விநாடியில் தரை அகப்பட்டது. பாய் விரித்தும் பார்த்தோம். ஒரே கோடு திரும்பத் திரும்ப வரும் பாயில் போன் தடுமாறியது. இந்தக் கோடு முன்பு பார்த்த கோடா, பக்கத்துக் கோடா என்று அதற்குப் பிரித்தறிய முடிவதில்லை. வெள்ளை மாபிள் தரைக்கும் கசூரினா கடற்கரை மணலுக்கும் இதே வைத்தியம்தான். மணலில் கால் தடம் பதித்து நடந்தாலே ஓரளவு போதும், சாய்ந்த வெயிலில் அந்தத் தடங்களின் நிழல் நல்ல புள்ளிகளாகும். உச்சி வெயிலில் நிழலே இராது, அப்போது மணல் வெறும் வெள்ளைதான்.

பேப்பர் விரித்தும் பிடிபடவில்லையா? நீங்கள் போனை எப்படி அசைக்கிறீர்கள் என்று பாருங்கள். நின்ற இடத்தில் நின்று போனை இடம் வலமாகத் திருப்புகிறவர்கள்தான் அதிகம். அப்படித் திருப்பினால் ஒற்றைக் கமராவுக்குத் தூரம் தெரியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் திருப்பிப் பாருங்கள், எது கிட்ட எது எட்ட என்று உங்களுக்கும் தெரியாது. பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தால் கிட்ட இருப்பது வேகமாகவும் எட்ட இருப்பது மெதுவாகவும் நகரும். அந்த வித்தியாசத்தில்தான் தூரம் இருக்கிறது. ஆகவே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இரண்டு எட்டு வையுங்கள். பிள்ளைகளுக்கு நான் இதை 'நண்டு நடை' என்றே பழக்கிவிட்டேன்.

"அண்ணை, இது மிதக்குது"

இந்த ஒரு வசனத்துக்குள் இரண்டு வேறு பிழைகள் இருக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் மருந்து கொடுத்தால் ஒரு நாள் வீணாகும்.

மெய்நிகர்த் தூண் தரையைத் தொடும் இடத்தில், உண்மையான தரையில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வையுங்கள். திரையில் குற்றியும் தூணின் அடியும் ஒட்டி இருக்கும்படி பார்த்து வையுங்கள். இப்போது நண்டு நடையாகத் தூணை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தூணின் அடி குற்றியை விட்டு விலகாமல் இருந்தால் போனின் கணக்கு சரி, உங்கள் கண்தான் ஏமாறுகிறது. தூணுக்கு நிழல் இல்லை, அதனால் மிதப்பது போலத் தெரிகிறது. அடியில் மெல்லிய கருநிழல் ஒன்றைப் போட்டுவிட்டால் தூண் தரையில் உட்கார்ந்துவிடும். நிழல் விழும் திசையும் அன்றைய வெயிலோடு ஒத்துப்போக வேண்டும், மாறி விழுந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும்.

ஒரு சுற்று வந்து பார்க்கும்போது குற்றி ஓரிடத்திலும் தூண் வேறிடத்திலும் நின்றால், அது உண்மையான நகர்வு. காரணம் இடத்தில்தான் இருக்கும். நாங்கள் பனங்கூடல் ஓரமாகச் சோதித்த ஒரு நாள் சோளகக் காற்று பலமாக அடித்தது. ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழும்பின. கூரான ஓலை நுனிகள் கமராவுக்கு அருமையான புள்ளிகள், ஆனால் அவை அசையும் புள்ளிகள். ஓலைகள் அசையும்போது தான்தான் அசைகிறேன் என்று போன் நம்பி, தூணை இழுத்துக்கொண்டு போனது. கமராவைச் சற்றுக் கீழே சரித்து, தரையும் மதிலும் படத்தில் பாதிக்கு மேல் வரும்படி பிடித்ததும் தூண் நின்றுவிட்டது. திருவிழாக் கூட்டத்திலும் இதுவே நடக்கும், நகரும் தலைகளைக் காட்டாமல் அசையாத கல்லைக் காட்டுங்கள்.

பெரிய கட்டடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. முழுத் தேவாலயத்தையும் ஒரே நங்கூரத்தில், அதாவது பொருளை உண்மையான இடத்தோடு பிணைக்கும் ஒரே புள்ளியில், கட்டியிருந்தோம். நங்கூரம் இருந்த மூலையில் கட்டடம் அசையாது, எதிர் மூலைக்கு நடந்து போனால் அடித்தளத்தை விட்டு விலகி நிற்கும். நங்கூரத்தில் சிறு கோணப் பிழை இருந்தாலும் தூரம் கூடக் கூட அது பெருகும். சிலுவையின் நாலு கைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் அடியிலேயே ஒரு நங்கூரம் போட்டதும் பிழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது. கைகள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய இடைவெளி சில வேளை தெரியும், அதை நாங்கள் பொறுத்துக்கொண்டோம்.

பொழுது சாயும்போது எல்லாம் ஆடத் தொடங்கினால் வேறு ஒன்றையும் தேட வேண்டாம். வெளிச்சம் குறையக் குறையக் கமரா ஒவ்வொரு படத்தையும் கூடின நேரம் திறந்து பிடிக்கிறது, படம் கலங்குகிறது, கலங்கிய படத்தில் மூலை இல்லை. அன்றைக்குச் சோதனையை நிறுத்திவிடுங்கள்.

"கட்டடம் றோட்டுக்கு அங்கால நிக்குது"

ஜிபிஎஸ்ஸை நம்பி வைத்த பொருளில் வரும் பிழை. திறந்த வானத்தின் கீழேயே சாதாரண போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறலாம். உயரமான கொத்தளச் சுவருக்குப் பக்கத்தில் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் இன்னும் கூடும். அதைவிடப் பெரிய வில்லன் திசைகாட்டி. 10 பாகை பிழைத்தால் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் கட்டடம் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் போய் நிற்கும்.

இந்த விடயத்தில் எங்கள் ஊர் கொடுத்துவைத்தது. காந்த நடுக்கோடு இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் கிட்டத்தான் போகிறது. கேரளத்துத் தும்பாவை ஏவுதளத்துக்குத் தெரிந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். இங்கே பூமியின் காந்தப்புலம் ஏறக்குறையக் கிடையாக ஓடுவதால் திசைகாட்டிக்கு அது வடிவாகப் பிடிபடும். ஆகவே திசை பிழைத்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறீர்களா, இரும்புக் கதவு பக்கத்திலா, போன் உறையில் காந்தப் பூட்டு இருக்கிறதா? ஒரு பிள்ளையின் போன் மட்டும் எப்போதும் தேவாலயத்தைத் தவறான பக்கத்தில் காட்டியது. உறையைக் கழற்றியதும் சரிவந்தது. பிறகு போனை எட்டு வடிவில் நாலைந்து தடவை காற்றில் வரைந்தால் திசைகாட்டி தன்னைத் திருத்திக்கொள்ளும்.

கூகுள் 2022இல் வெளிவிட்ட முறையில், தெருக்காட்சிப் (ஸ்ட்ரீட் வியூ) படங்களோடு கமராப் படத்தை ஒப்பிட்டு இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கலாம். தெருக்காட்சிக் கார் ஓடாத இடத்தில் அது பழையபடி ஜிபிஎஸ்ஸுக்கும் திசைகாட்டிக்கும்தான் திரும்பும். எனவே நுழைவாயிலில் படம் போட்ட ஒரு பலகை வைத்து, அந்தப் படத்தைப் பார்த்து போன் தன் இடத்தை அறியும்படி செய்தோம்.

"ஐயோ, கோயில் வானத்தில தொங்குது"

இந்தப் பிழைக்காகவே இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். இது எங்கள் பக்கத்துக்கென்றே உரிய பிழை, வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு விளங்கவே விளங்காது.

ஒரு மாணவி தேவாலயத்தின் அடி நிற்க வேண்டிய உயரத்தை 3 மீட்டர் என்று கொடுத்தாள். கோட்டைத் தரை கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தானே, சரியான யோசனை. போனைத் தூக்கினால் ஒன்றும் இல்லை. கழுத்தை முறித்து மேலே பார்த்தால் தலைக்கு நேரே, யாழ்ப்பாணத்தின் எந்தக் கோபுரத்துக்கும் மேலே, ஒரு சின்னச் சிலுவை மாதிரித் தேவாலயத்தின் அடிப்பக்கம். தசமப் புள்ளி மாறிவிட்டதோ என்று இரண்டு நாள் நிரலைத் துருவினோம்.

நிரலில் பிழை இல்லை. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல. டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணித நீள்கோளம் ஒன்று இருக்கிறது, பூமியை வழவழப்பான, சற்றுத் தட்டையான உருண்டையாக வைத்துப் போட்ட கணக்கு. உண்மையான கடல் மட்டம் அப்படி வழவழப்பாக இல்லை. ஈர்ப்பு இடத்துக்கிடம் மாறுவதால் கடலும் மேடுபள்ளமாக நிற்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் எங்கே என்றால், இந்தியாவின் தென்முனைக்குத் தெற்கே, எங்கள் இந்து சமுத்திரத்தில். அங்கே கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்கு 106 மீட்டர் கீழே இருக்கிறது. யாழ்ப்பாணம் அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. இங்கே கடற்கரையில் நின்றால் நீள்கோளக் கணக்கில் நீங்கள் 90 மீட்டருக்கும் மேல் பூச்சியத்துக்குக் கீழே நிற்கிறீர்கள். ஆகவே 3 என்று கொடுத்தால் பொருள் 90 மீட்டருக்கு மேல் தூக்கி வைக்கப்படும்.

கழித்தல் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், யாழ்ப்பாணத்தில் அதுதான் சரியான விடை. இடத்துக்குப் போய், போன் காட்டும் நீள்கோள உயரத்தைக் குறித்து, கையின் உயரத்தைக் கழித்து அந்த எண்ணையே கொடுங்கள். அதைவிட நல்லது தரையிலிருந்து உயரம் கொடுக்கும் நங்கூர வகையைப் பாவிப்பது. பிள்ளைகளிடம் இரண்டு வகைப் போனும் இருந்தால் ஒரு கவனம் தேவை: அன்ட்ராய்ட் வழமையாகத் தரும் உயரம் நீள்கோளத்திலிருந்து, ஐபோன் வழமையாகத் தருவது கடல் மட்டத்திலிருந்து. ஒருவர் அளந்து மற்றவருக்கு அனுப்பினால் திரும்பவும் தேவாலயம் பறக்கும், அல்லது நிலத்துக்குள் புதையும்.

"பலகையைக் காட்டினாலும் ஒண்டும் வருதில்லை"

நுழைவாயில் பலகைக்கு முதலில் நாங்கள் போட்டது ஓலைச்சுவடியின் படம். அழகான படம், ஆனால் ஒரே நிறம், ஒரே மாதிரி வரிகள். ஏஆர்கோரோடு வரும் சோதனைக் கருவி ஒரு படத்துக்கு 0 முதல் 100 வரை புள்ளி கொடுக்கும், 75க்குக் குறைந்ததை வைக்காதீர்கள். சுவடியை எடுத்துவிட்டுக் கோட்டையின் பழைய வரைபடத்தைப் போட்டதும் தேறியது. பலகை 15 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, தட்டையாக இருக்க வேண்டும், முதல் தடவை பார்க்கும்போது கமராப் படத்தில் காற்பங்காவது அது நிறைய வேண்டும். மினுங்கும் லமினேற் வேண்டாம், வெயில் பட்டால் அது வெறும் வெள்ளைத் தகடு. நிறம் வெளிறினால் மாற்றிவிடுங்கள். கோட்டைச் சுவரில் எதையும் ஒட்டவும் கூடாது, ஆணி அடிக்கவும் கூடாது. தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள இடம், அனுமதி கேட்டு, நிறுத்தி வைக்கும் பலகையாகவே வையுங்கள்.

"தமிழ் எழுத்தெல்லாம் உடைஞ்சு கிடக்கு"

'கோட்டை' என்று தட்டச்சுச் செய்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது வட்டத்துக்குள் புள்ளியிட்ட பேய் எழுத்தொன்று வரும். கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள்களான விளையாட்டு இயந்திரங்களில் ஏஆர் செய்கிற தமிழர் எல்லோரும் இந்த மதிலில் ஒரு நாள் முட்டுவார்கள்.

ஒருங்குறியில் (யூனிகோட்) 'கோ' என்பது முதலில் க, பிறகு ஓகாரக் குறி. திரையில் அந்த ஒரு குறி இரண்டாக உடைந்து, ஒரு துண்டு ககரத்துக்கு முன்னாலும் மற்றது பின்னாலும் போக வேண்டும். அந்த அடுக்கும் வேலையை உலாவியும் போனின் இயங்குதளமும் ஒழுங்காகச் செய்கின்றன. பல விளையாட்டு இயந்திரங்களின் எழுத்துப் பெட்டி அதைச் செய்யாமல், வந்த ஒழுங்கிலேயே குறிகளை வரிசையாகக் கொட்டிவிடும். எழுத்துருவை மாற்றினால் இது தீராது. எங்கள் பிள்ளைகள் ஆறு எழுத்துரு மாற்றிய பிறகுதான் இதைக் கண்டுகொண்டோம்.

எழுத்தைப் படமாக ஆக்கிப் போடுவது எளிய வழி, சிறு பெயர்ப் பலகைகளுக்கு அது போதும். இரண்டாவது, அடுக்கும் வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் நூலகத்தை இணைப்பது. சிலர் ஒருங்குறியைப் பாமினி என்ற பழைய எழுத்துரு முறைக்கு மாற்றிக் காட்டுகிறார்கள். பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே இருப்பதால் அடுக்கும் வேலை தேவைப்படாது. நாங்கள் அதைத் தவிர்த்தோம், ஏனென்றால் பாமினியில் எழுதியதைத் தேடவும் முடியாது, வாசித்துக் காட்டும் செயலிக்கும் புரியாது. கண் தெரியாத ஒருவர் இந்த இடத்துக்கு வந்தால் அவருக்கும் இது பேச வேண்டும். அச்சகத்திலிருந்து வாங்கிய பழைய கட்டுரையை ஒட்டும்போது எல்லாம் ஆங்கில எழுத்துக் கூட்டமாக வந்தால், அது பாமினியில் அடித்தது, மாற்றி எடுத்த பிறகு ஒட்டுங்கள்.

"போன் நெருப்பாக் கொதிக்குது"

கமரா, உணரிகள், வரைகலை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, மேலே எங்கள் வெயில். ஐபோனைப் பாவிக்கக் கூடிய சூழல் வெப்பத்தின் மேல் எல்லை 35 பாகை என்று அப்பிளே சொல்கிறது. சித்திரை வெயிலில் கோட்டைக் கல் மேல் அந்த எல்லைக்கு அதிக தூரம் இல்லை. சூடானதும் திரை மங்கும், படம் தட்டித் தட்டி ஓடும், பிறகு பொருள் நகரத் தொடங்கும். நகர்வைப் பார்த்து நிரலைத் திருத்தப் போகாதீர்கள், போனைத் தொட்டுப் பாருங்கள். உறையைக் கழற்றி நிழலில் பத்து நிமிடம் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துவிடும். காலை எட்டு மணிக்கு முன் போனால் இந்தத் தலைப்பே தேவைப்படாது, பற்றறியும் கூட நேரம் நிற்கும்.

"ஆள் சுவருக்குப் பின்னால போனாலும் முன்னால தெரியுது"

எது முன்னால், எது பின்னால் என்று போனுக்கு ஆழம் தெரியாததால், உண்மையான சுவருக்குப் பின்னால் போகும் மெய்நிகர் ஆளை முன்னால் காட்டும் பிழை. ஒளியால் தூரம் அளக்கும் லைடார் உணரி உள்ள ஐபோன் புரோக்களிலும் ஆழக் கணிப்பு உள்ள அன்ட்ராய்ட் போன்களிலும் அந்த வசதியைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் தீரும். இல்லாத போன்களுக்கு, இருக்கும் சுவரின் வடிவிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு மறைப்புச் சுவரை மாதிரியில் வைத்துவிடுங்கள்.

"எல்லாம் சரியா நிக்குது, ஆனா இப்படி இல்லை எண்டு சொல்லினம்"

ஒரு ஞாயிற்றுக்கிழமை வயதான அம்மா ஒருவர் மகளோடு கோட்டை பார்க்க வந்திருந்தார். பிள்ளைகள் போனைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடிபாட்டின் ஓரமாக மெல்ல நடந்து, யன்னல் ஒன்றுக்குக் கிட்டப் போய் நின்றார். தேவாலயம் ஆடவில்லை, மிதக்கவில்லை, நிழல்கூடச் சரியாக விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுவர் இதைவிடத் தடிப்பு, பிள்ளை. சின்னனில அந்த யன்னல் படியில நாங்கள் ரெண்டு பேர் ஏறி இருந்திருக்கிறம். உள்ள இவ்வளவு வெளிச்சமும் இல்லை."

கொப்பியில் இதையும் பிழையாகத்தான் எழுதினோம். சுவரின் தடிப்பை நாங்கள் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துக் கண்மதிப்பில் போட்டிருந்தோம். அடுத்த கிழமை அனுமதியோடு அளவு நாடாவைக் கொண்டுபோய் எஞ்சியிருக்கும் அடித்தளத்தை அளந்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. சுவரைத் தடிப்பாக்கியதும் யன்னல் வழியாக வரும் வெளிச்சம் தானாகவே குறைந்தது.

அதன் பிறகு மாதிரியை இரண்டு நிறமாகப் பிரித்தோம். அளந்த பகுதிகளும் புகைப்படத்தில் தெளிவாகத் தெரிகிற பகுதிகளும் கல்லின் நிறத்தில். எங்கள் ஊகத்தில் கட்டியவை வெளிறிய சாம்பல் நிறத்தில், சற்று ஒளிபுகும்படி. பாரம்பரிய இடங்களைக் கணினியில் மீட்டெடுப்பவர்களுக்கென 2009இல் திருத்தி வெளியிட்ட இலண்டன் சாசனமும் இதைத்தான் கேட்கிறது: எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். சாம்பல் பகுதியைத் தொட்டால் 'இந்த இடம் உங்களுக்கு நினைவிருக்கிறதா?' என்று ஒரு கேள்வி வரும், குரலில் பதில் சொல்லலாம். அந்த அம்மா இருந்த யன்னல் படி இப்போது கல் நிறத்தில் இருக்கிறது.